ரூட்டுக் காசு

எங்கள் ரூட்டின் தலையை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவனும் என்னை மன்னித்திருக்க மாட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், போகப்போக என் மனசு இளகிவிடும் என்று யாராவது எதிர்பார்த்துக்கொண்டே படிப்பார்கள்.

ரூட்டு என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. நாங்கள் படித்த அரசுக் கல்லூரிக்கு எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற பையன்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டம். பஸ்ஸின் நம்பர்தான் கூட்டத்தின் பெயர். அதற்கு ஒரு தலைவன் உண்டு. அவன் ‘ரூட்டு தல’. கல்லூரியில் இப்படிப் பல ரூட்டுகள் இருந்தன, ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை. படிக்கட்டில் தொங்குவது, கானா பாடி பஸ்ஸின் பக்கத்துத் தகரத்தைத் தட்டுவது, வருஷத்தில் ஒரு நாள் பஸ்ஸுக்கு மாலை போட்டு மேளம் அடித்து ‘பஸ் டே’ கொண்டாடுவது, இவைதான் ரூட்டின் வேலை. பஸ் டேவுக்குத் தடை இருந்தது. தடை இருந்ததால்தான் அதற்கு அவ்வளவு மவுசு. எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். மாசச் சந்தா ஐம்பது ரூபாய், முதல் வருஷத்துப் பையன்களுக்கு நூறு.

நான் திருவொற்றியூர் தேரடியில் ஏறுகிறவன். பி.காம். முதல் வருஷம் முழுக்க அடி வாங்காமல் தப்பித்ததையே பெரிய சாதனையாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருஷம் தொடங்கிய வாரத்தில், கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குத் தல என்னைக் கூப்பிட்டான். அவனுக்கு அப்போது மூன்றாம் வருஷம், வரலாறு. வாட்டசாட்டமானவன். பேசும்போது எதிரே நிற்பவனின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே பேசுவான். காலரிலிருந்து அந்தக் கை எப்போது வேண்டுமானாலும் கழுத்துக்குப் போகலாம் என்பது அவனுக்கும் தெரியும், எதிரே நிற்பவனுக்கும் தெரியும்.

“பி.காம் தான நீ? இனிமே ரூட்டு கணக்கு உன் கைல. எல்லாரும் உன் அக்கவுண்டுக்கு அனுப்பிடுவானுங்க” என்றான்.

“நான் எதுக்குண்ணா? வேற யாருனா...”

“முன்னாடி வச்சிருந்தவன் அத்தனியும் குடிச்சிட்டான். நீ பயந்தாங்கொள்ளி. எடுத்துக்கினு ஓட மாட்ட.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் மறுநாள் காலை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை ஒன்றை எனக்காக ஒருவன் எழுந்து கொடுத்தபோது அந்த அவமானம் எங்கே போனது என்று தெரியவில்லை.

நான் அந்த வேலையைச் சிரத்தையாகச் செய்தேன். நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, நாற்பத்திரண்டு பெயர்களையும் எழுதி, மாதவாரியாகக் கட்டம் போட்டேன். தாமதமாகக் கொடுத்தால் வாரத்துக்குப் பத்து ரூபாய் அபராதம் என்ற விதியைக் கொண்டுவந்தது தல இல்லை, நான்தான். யாரும் கேட்காமல் நானே யோசித்து, நானே அறிவித்தேன். தலைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. “பாத்தியா, பயந்தவன் கைல சாட்டைய குடுத்தா எப்டி வீசறான்” என்று என் முதுகில் தட்டினான். அவன் பைக்குக்குப் பெட்ரோல், அவன் பிறந்தநாளுக்குக் கேக், அவன் வெட்டுப்பட்ட கைக்குத் தையல் என்று செலவுகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றையும் ‘தல செலவு’ என்று எழுதினேன். அவன் பெயருக்கு நேரே சந்தாக் கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. அதை அவனிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. வேறு ஆட்களிடம் கேட்கும் தைரியம் தாராளமாக இருந்தது.

என் வகுப்பிலேயே, எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவன் ஒருவன், முகத்துவாரக்குப்பத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். அந்த வருஷம் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டு அவர்கள் படகுகள் கடலுக்குப் போக வழியில்லாமல் கிடந்தன. அவன் மூன்று மாதமாகச் சந்தா கொடுக்கவில்லை. ஒருநாள் பஸ் தண்டையார்ப்பேட்டையை நெருங்கும்போது நோட்டைத் திறந்து பாக்கிக்காரர்களின் பெயர்களைச் சத்தமாக வாசித்தேன். அவன் பெயர் வந்ததும், “அபராதத்தோட எரநூத்தி எழுவது” என்றேன்.

“எங்கப்பா கடலுக்குப் போயி நாப்பது நாளாவுது. உனக்குத் தெரியும்ல?” என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

“அப்ப எங்க பஸ்ல இன்னாத்துக்கு ஏறின?”

“உங்கொப்பன் வூட்டு பஸ்ஸா இது? கவர்மென்ட் பாஸ் வச்சிகினு கீறேன்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. பின் படிக்கட்டிலிருந்து தல என்னைப் பார்த்தான். “எறங்குடா” என்று நான் கத்தினேன். இரண்டு பேர் அவன் பையைப் பிடுங்கி வெளியே எறிந்தார்கள். அவன் இறங்கிப் பையைத் துடைத்துக்கொண்டு நின்றது ஜன்னல் வழியே தெரிந்தது. அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு குற்ற உணர்ச்சி வந்தது என்பது உண்மை. ஆனால் முதலில் வந்தது சந்தோஷம். மறுநாளிலிருந்து அவன் எண்ணூரில் ரயில் ஏறி வரத் தொடங்கினான். அதன் பிறகு எவனும் எனக்குச் சந்தா பாக்கி வைக்கவில்லை.

தை பிறந்தபோது என் அக்கவுண்டில் ரூட்டுக் காசு பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் இருந்தது. மாசாமாசம் வரும் உதவித்தொகையில் நான் மிச்சம் பிடித்து வைத்த மூவாயிரத்து அறுநூறும் அதே அக்கவுண்டில்தான். அந்தச் சமயத்தில்தான் தல ஒரு விஷயத்தோடு வந்தான்.

“நம்ம ரூட்டுல இருந்த சூப்பர் சீனியர் ஒருத்தரு பஸ் டேக்கு பதினெட்டாயிரம் தராரு. உன் அக்கவுண்டுக்கு வரும். பன்னண்ட கேஷா எடுத்து எனக்குக் குடு, அத்த அவருகிட்டயே திருப்பிக் குடுக்கணும். ஆறு ரூட்டுக்கு.”

“பன்னண்டு திருப்பிக் குடுக்கறதுக்கு எதுக்கு பதினெட்டு அனுப்பணும்?”

“ஐயே, பெரிய ஆடிட்டரு. அவருக்கு கேஷ் தேவைடா. சொன்னத செய்யி.”

அரை மணி நேரத்தில் பணம் வந்தது. அனுப்பியவர் பெயர் ஒரு பெண்ணின் பெயர். கேட்டதற்கு, “அவரு பொண்டாட்டி அக்கவுண்டு” என்றான். எனக்குச் சந்தேகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. ஆனால் ஆறாயிரம் சேர்ந்தால் ரூட்டுக் காசு இருபத்தையாயிரத்தைத் தாண்டும், முந்தைய எந்த வருஷமும் அவ்வளவு சேர்ந்ததில்லை, அதைச் சேர்த்தவன் நான். இந்த நினைப்பு சந்தேகத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஏ.டி.எம்.மில் பன்னிரண்டாயிரம் எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து டீக்கடையில் பன்னிரண்டு ரூபாய் அனுப்பப் பார்த்தால் போகவில்லை. ஏ.டி.எம்.மிலும் பணம் வரவில்லை. மறுநாள் வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மாள் என் அக்கவுண்டைத் திறந்து பார்த்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“உங்க அக்கவுண்ட ஃப்ரீஸ் பண்ணிருக்காங்க தம்பி. கோயம்புத்தூர்ப் பக்கம் சைபர் கிரைம்ல கம்ப்ளெய்ன்ட். பதினெட்டாயிரம் வந்திருக்கே, யார் அனுப்புனது?”

“எங்க சீனியரோட வொய்ஃப் மேடம்.”

அவர் திரையை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “அந்தம்மாதான் கம்ப்ளெய்ன்ட்டே குடுத்திருக்காங்க” என்றார்.

வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், முதலில் பணம் கட்டுங்கள் என்று போனில் வந்த செய்தியை நம்பி ஏமாந்த ஒரு பெண். அவர் கட்டிய பணம் பல பேர் அக்கவுண்டுகளுக்குப் பிரிந்து போயிருக்கிறது. அதில் ஒன்று என்னுடையது. அந்தப் பதினெட்டாயிரம் மட்டுமல்ல, மொத்த அக்கவுண்டும் முடங்கிவிட்டது. ரூட்டுக் காசு, என் காசு எல்லாம் உள்ளே.

நேராகத் தலையிடம் போய்ச் சொன்னேன். அவன் டீயைக் கீழே வைக்கக்கூட இல்லை.

“எவ்ளோ அமுக்கின?”

“அண்ணா, அந்தப் பதினெட்டாயிரம் நீ அனுப்பச் சொன்னது. திருட்டுக் காசுண்ணா அது.”

“நானு அனுப்பினனா? எம் பேரா கீது அதுல?” என் காலரைச் சரிசெய்தான். “பஸ் டேக்கு எட்டு நாள் கீது. இருவத்தஞ்சு ரூபா வரணும். எங்கினா போயி எடுத்துக்கினு வா.”

இருபத்தைந்து ரூபாய் என்றால் இருபத்தையாயிரம். அவன் முகத்தைப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அது எப்படிப்பட்ட பணம் என்று அவனுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் என் அக்கவுண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

அன்று சாயங்காலமே ரூட்டு குரூப்பில் நான் பணத்தைச் சுருட்டிவிட்டேன் என்று செய்தி போனது. பதில் சொல்வதற்குள் என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் சந்துக்குள் ஆறு பைக்குகள் வந்து நின்றன. அப்பா டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். அன்றைக்குத் துறைமுகத்துக்கு வெளியே லாரி வரிசையில் இரண்டாவது நாளாக நின்றிருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா ராயபுரத்தில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான சட்டைகளைப் புரட்டிப் பார்த்து எந்தத் தையலில் கோளாறு என்று கண்டுபிடிப்பது அவள் தொழில். முந்தின நாள் எல்லாவற்றையும் நான் அவளிடம் சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டு அவள் என்னைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

வாசலில் நின்ற தலையைப் பார்த்து, “இன்னா நைனா, ஊர்வலமா?” என்றாள்.

“உம் புள்ள ரூட்டு காச துன்ட்டான்மா. வாங்கிக்கினு போவ வந்துகிறோம்.”

“தரேன். எம் புள்ள வாங்கின காசு, நான் தரேன். யாராரு எவ்ளோ குடுத்தீங்கன்னு பாப்போம்.” உள்ளே திரும்பி, “எட்றா அந்த நோட்ட” என்றாள்.

எனக்கு நோட்டைக் கொடுக்க விருப்பமில்லை. பிடுங்கிக்கொண்டாள். படியில் உட்கார்ந்து, சட்டைகளைப் புரட்டுகிற அதே வேகத்தில் பக்கங்களைப் புரட்டினாள். வந்தவர்களை ஒவ்வொருவனாகப் பெயர் கேட்டு, அவன் கொடுத்த தொகையைப் படித்துச் சொன்னாள். ஐந்து பேர் தலையாட்டினார்கள். ஆறாவது தல.

“உன் பேருக்கு நேரா ஒண்ணுமே இல்லியே நைனா?”

“நான் தலம்மா. நான்லாம் குடுக்க மாட்டேன்.”

“ஓஹோ.” அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். “தல செலவு, பெட்ரோல் முந்நூறு. தல செலவு, கேக்கு ஆயிரத்து எரநூறு. தல செலவு, ஷூ. ஷூவா? பஸ்ஸுக்கா ஷூ மாட்டின?”

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன. யாரோ சிரித்தார்கள். தலைக்குப் பின்னால் நின்ற ஐந்து பேரும் நோட்டை எட்டிப் பார்த்தார்கள். ஷூ விஷயம் அவர்களுக்கு அதுவரை தெரியாது. தல அவர்களைத் திரும்பிப் பார்த்தான். முதல் முறையாக அவன் முகத்தில் பயம் மாதிரி ஒன்றைப் பார்த்தேன்.

“காசு குடுக்காதவனுக்கு இங்க இன்னா கீது? குடுத்தவன் கேக்கட்டும், நீ போ” என்றாள் அம்மா.

அவர்கள் போனார்கள். அம்மா ஜெயித்துவிட்டாள் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த ஜெயிப்புக்கான கூலி திங்கள்கிழமை எனக்குக் கிடைத்தது. தேரடி ஸ்டாப்பில் நான் பஸ் ஏறும்போது தல படிக்கட்டில் நின்றிருந்தான். என் தலைமுடியைப் பிடித்து முகத்தைக் கைப்பிடிக் கம்பியில் மோதினான். “உங்காத்தாகிட்ட சொல்லு, இத்தயும் எழுதிக்கச் சொல்லு” என்றான். மேலுதடு கிழிந்து மூன்று தையல். பஸ்ஸில் முப்பது பேராவது இருந்தார்கள். ஒருவன்கூட வாய் திறக்கவில்லை.

அன்று மத்தியானம் அப்பாவோடு போலீசுக்குப் போனேன். இரண்டு இரவு லாரியிலேயே கிடந்துவிட்டு வந்த மனிதர். ஸ்டேஷன் வாசலில், “ஊர்க் காச உன் அக்கவுண்டுல வாங்கறதுக்கு எவன் உனக்கு பெர்மிஷன் குடுத்தான்?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டார்.

நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். நியாயத்துக்காகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. உதடு வலித்தது, அவனை நாசமாக்க வேண்டும் என்று இருந்தது. அவன் பெயர், வீடு, பைக் நம்பர், அவன் எந்த டீக்கடையில் எத்தனை மணிக்கு நிற்பான் என்பதுவரை கேட்காததையும் சொன்னேன். நோட்டின் பக்கங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

விசாரணைக்காகப் பிறகு ஒருநாள் கூப்பிட்டிருந்தபோது, அங்கிருந்த அதிகாரி பணத்தை இழந்த பெண்ணுக்குப் போன் போட்டு, என்னிடம் கொடுத்தார். “நீயே பேசு. தெரிஞ்சுக்கோ” என்றார்.

“காலேஜ் படிக்கிற பையனாமா நீயி?” என்றது அந்தக் குரல். “என்ற புள்ளைக்கு ஃபீஸ் கட்ட வெச்சிருந்த காசு சாமி அது. நீ நல்லாவே இருக்க மாட்ட.”

“எனக்குத் தெரியாதுங்க அக்கா” என்றேன்.

“தெரியாமத்தான் எடுத்துக் குடுத்தியா?”

போன் வைக்கப்பட்டது. என்னை வாழ்க்கையில் பலர் திட்டியிருக்கிறார்கள். அதில் மிகச் சரியாகத் திட்டியவர் அவர்தான்.

அந்தச் சூப்பர் சீனியரைப் பிடித்தார்கள். மாணவர்களின் அக்கவுண்டுகளை இப்படிப் பயன்படுத்துவதுதான் அவன் தொழிலாம். பன்னிரண்டாயிரத்தில் இரண்டாயிரம் தலைக்குக் கிடைத்திருக்கிறது. அந்த இரண்டாயிரத்துக்காகத்தான் இத்தனையும். தலையைப் பல முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். கல்லூரி அவனை இடைநீக்கம் செய்தது. அவன் பரீட்சை எழுதவில்லை, டிகிரியும் முடிக்கவில்லை. பஸ் டே நடக்கவே இல்லை. ஸ்டாப்புக்கு ஸ்டாப் போலீஸ் நின்றது.

ரூட்டுக்கு நான் துரோகியாகிவிட்டேன். ஷூ வாங்கியவன் தியாகி. காசைத் தின்றவன் மேல் வராத கோபம், அதைப் போலீசில் சொன்னவன் மேல் வந்தது. இது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நானும் ரயிலுக்கு மாறினேன். ஒருநாள் அதே பெட்டியில் முகத்துவாரக்குப்பத்துக்காரன் இருந்தான். பாக்கி விழுவதற்கு முன்னால் அவன் என்னிடம் கொடுத்திருந்த சந்தாவைத் திருப்பித் தரலாம் என்று பணத்தை நீட்டினேன்.

“இன்னா இது?”

“உன் காசு. தப்பு பண்ட்டேன்.”

“உன்ன அடிச்சானுங்கன்னு கேள்விப்பட்டேன். நல்லா அடிச்சானுங்களா?” என்று கேட்டான். என் உதட்டைப் பார்த்தான். “சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டான். பணத்தை வாங்கவில்லை. படிப்பு முடியும்வரை ஒரே வகுப்பில் இருந்தோம், ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஐந்து மாதம் கழித்து அக்கவுண்டு திறந்தது. தல கையில் கொடுத்த பன்னிரண்டாயிரத்தையும் சேர்த்துப் பதினெட்டாயிரமும் அந்தப் பெண்ணுக்குப் போனது. அதனால் ரூட்டுக் காசில் எட்டாயிரத்துக்குமேல் குறைந்தது. என் சேமிப்பும் அதில் போய்விட்டது. குறைந்ததை அப்பா தனக்கு ட்ரிப்புக்குக் கிடைக்கும் படிக்காசிலிருந்து கொடுத்தார். அதை அவருக்குத் திருப்பி அடைக்க நான் விடுமுறை முழுவதும் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டி நம்பர் எழுதும் வேலைக்குப் போனேன். செலவானது போக மிச்சமிருந்ததை அவரவர் கொடுத்த விகிதத்தில் பிரித்து, ஒவ்வொருவனாகத் தேடிப் போய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். ஒருவன் வாங்கிக்கொண்டு காறித் துப்பினான். இன்னொருவன் எல்லார் முன்னாலும், “துரோகி காசு எனக்கு வேணாம்டா” என்று தட்டிவிட்டான். மறுநாள் நூலகத்துக்குப் பின்னால் வந்து, “அந்தக் காசு வச்சிகிறியா?” என்று கேட்டு வாங்கிப் போனான்.

இப்போது நான் பாரிமுனையில், துறைமுகச் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் கணக்கு பார்க்கிறேன். போன வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மாவுக்கு வாங்கிய மிக்ஸி பார்சல் வந்தது. கதவைத் திறந்தால் முதுகில் பெரிய பையோடு தல. உடம்பு இளைத்திருந்தான். இருவருக்கும் ஒரே நொடியில் அடையாளம் தெரிந்துவிட்டது.

“ஓடிபி” என்றான், போனைப் பார்த்துக்கொண்டே.

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். வேண்டுமென்றே மெதுவாகத்தான் சொன்னேன். தப்பாக அழுத்திவிட்டு மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன். வெயிலில் அவன் கழுத்தில் வியர்வை வழிந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவன் பெட்டியைத் தரையில் கொஞ்சம் வேகமாகவே வைத்தான்.

“யாருடா?” என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

“பார்சல்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவன் இன்னும் படியில்தான் நின்றிருந்தான்.